மணிமேகலை வழி கேட்ட ரேஸ்

மலைமேல் இருக்கும் வில்பட்டியில் மணிமேகலையின் பிக்கப் வண்டியைத் தெரியாதவர்கள் இல்லை. தினமும் வெள்ளனே எழுந்து கேரட்டும் பீன்ஸும் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு, பெருமாள்மலை வழியாகப் பழனி மலைப்பாதையில் இறங்கி, ஒட்டன்சத்திரம் சந்தையில் சரக்கைப் போட்டுவிட்டு மதியத்துக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவாள். தோட்டத்தை அவள் கணவன் வேல்ராஜ் பார்த்துக்கொண்டான். வண்டி அவளுடையது.

மலைப்பாதைக்கென்று ஒரு மரியாதை உண்டு. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழி விட வேண்டும். வழி கிடைத்தவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். இதை மீறுகிறவர்களை மணிமேகலை சும்மா விடமாட்டாள். ஒருமுறை சவரிக்காட்டுக்கு அருகே, இறங்கி வந்த ஒரு டூரிஸ்ட் கார் அவளைப் பள்ளத்தின் ஓரம் வரை நெருக்கிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவள் காலி வண்டியோடு ஏறிக்கொண்டிருந்தாள். அடுத்து அகலமான இடம் வந்ததும் வண்டியைத் திருப்பி, அந்தக் காரைப் பழனி வரை துரத்திக்கொண்டு போய், ஒரு டீக்கடை வாசலில் குறுக்கே நிறுத்தி மறித்தாள்.

"எறங்க வேணாங்க சார். கையை மட்டும் தூக்கிக் காட்டிட்டுப் போங்க" என்றாள்.

அந்த மனிதர் கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் வண்டியை எடுத்தாள். வேல்ராஜ் இதைச் சொந்தக்காரர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வான். ஆனால் அவனுக்கும் உள்ளூரக் கொஞ்சம் பயம்தான்.

அவள் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஆட ஆரம்பித்தது தம்பி மனோஜ்குமாரால். கொரோனா சமயத்தில் கோயம்புத்தூரிலிருந்து கம்ப்யூட்டரோடும், மேசையில் பொருத்துகிற ஸ்டீயரிங்கோடும், காலில் மிதிக்கிற பெடல்களோடும் வந்து இறங்கினான். திரும்பிப் போகும்போது எல்லாவற்றையும் அக்காவிடமே விட்டுவிட்டுப் போனான். ஒரு மழை நாளில் சும்மா உட்கார்ந்து பார்த்தவளுக்கு அது பிடித்துப்போயிற்று. நிஜ வண்டியில் லோடு ஏற்றிக்கொண்டு ஒரு நாளும் போக முடியாத வேகத்தில், உயிர் பயம் இல்லாமல் ஒரு வளைவைத் திருப்புவதில் இருந்த சந்தோஷம் அவளுக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை.

பிறகு 'கொண்டை ஊசி லீக்' என்ற குழுவில் சேர்ந்தாள். தமிழ் ஆட்கள் பல ஊர்களிலிருந்து ஞாயிறு சாயங்காலம் ஒன்றாகக் கூடி ஓட்டுகிற போட்டி அது. திண்டுக்கல்லில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் வேலை பார்க்கும் ஞானவேல் என்பவர் அதற்கு நடுவர். அவர் வகுத்திருந்த விதிகள் மணிமேகலைக்கு மலைப்பாதை போலவே இருந்தன. பக்கத்தில் கார் இருந்தால் ஒரு கார் அகலம் இடம் விட வேண்டும். காரணமில்லாமல் முன்னால் பிரேக் போடக் கூடாது. ஒருவரைத் தெரியாமல் இடித்துவிட்டால் மன்னிப்புக் கேட்டு, நின்று, அவரை முன்னால் போகவிட வேண்டும். ஒரு சுற்று பின்தங்கியவர், முன்னணிக் கார் பின்னால் வந்து திரையில் நீல விளக்கு எரிந்தால், ஒதுங்கி வழி விட வேண்டும். காதில் மாட்டும் மைக்கில் ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளலாம். மணிமேகலை மட்டும் மைக்கைத் திறந்ததே இல்லை. சொல்ல வேண்டியதை எழுத்தில்தான் போடுவாள்.

அந்த லீக்கில் பெரிய ஆள் குகன். பழனி அடிவாரத்தில் அப்பாவின் பஞ்சாமிர்தக் கடையைப் பார்த்துக்கொள்கிற இளைஞன். தான் ஓட்டுவதை நேரலையில் ஒளிபரப்புவான். அதைப் பார்க்க ஒரு கூட்டமே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் மணிமேகலை முதலிடத்தில் இருந்தாள். குகன் பின்னாலிருந்து வந்து அவள் காரின் பின்மூலையில் லேசாகத் தட்டினான். அவள் கார் சுழன்று புல்வெளிக்குள் போனது. நிமிர்ந்து ரோட்டுக்கு வரும்போது அவன் காரையே உரசிக்கொண்டு வந்தது. அவன் ஜெயித்தான். உடனே திரையில் எழுத்து வந்தது: 'சாரி அக்கா, தெரியலீங்க.' பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை.

அதோடு விட்டிருந்தால்கூட அவள் ஒருவேளை ஆறியிருப்பாள். மறுநாள் குகன் ஒரு சின்ன வீடியோவைக் குழுவில் போட்டான். தான் தட்டியதை வெட்டிவிட்டு, அவள் கார் திரும்பி வந்து உரசியதை மட்டும் போட்டிருந்தான். 'கேரட் லாரியை யாரு ரேஸுக்குள்ள விட்டது?' என்று மேலே எழுதியிருந்தான். ஆளாளுக்குச் சிரித்தார்கள். அந்த ரேஸின் ஒளிபரப்பைக் குகன் மறைத்துவிட்டிருந்ததால், முழுப் பதிவு ஞானவேலிடமோ மணிமேகலையிடமோ இல்லை. கையில் இருந்ததை வைத்து, வேண்டுமென்றே இடித்ததாகத் தீர்மானித்து, மணிமேகலையைச் சில வாரங்களுக்குப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்.

வாழ்க்கையில் ஒரு வண்டியையும் உரசாதவளுக்கு, இடித்துவிட்டு ஓடுகிறவள் என்ற பெயர். சந்தையில் மூட்டை இறக்கும்போதும், வளைவில் கியரை மாற்றும்போதும் அந்த நினைப்பே இருந்தது. வீட்டில் விளையாட்டைத் திறந்து, கம்ப்யூட்டர் ஓட்டுகிற கார்களைப் பின்னாலிருந்து தட்டிப் பழகினாள். எந்த இடத்தில் தட்டினால் கார் சுழலும், எப்படித் தட்டினால் விபத்துப் போலத் தெரியும் என்று பார்த்துப் பார்த்துப் பழகினாள்.

வேல்ராஜ் காபியோடு வந்து பின்னால் நின்று பார்த்தான்.

"ஏன் மேகல, அவனை இடிச்சுத் தள்ளிட்டா ஒனக்குச் சோறு எறங்குமா?"

"எறங்கும்."

"அது வெறும் கேமு."

"பேரு என்னோடதுங்க" என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

அடுத்த வாரம் ஒட்டன்சத்திரத்திலிருந்து திரும்பும் வழியில் வண்டியைப் பழனி அடிவாரத்தில் நிறுத்தினாள். எதற்கு என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. அவன் முகத்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் போலிருந்தது. கடையில் குகன்தான் இருந்தான். நெற்றி நிறைய விபூதி, பணிவான குரல்.

"வாங்கக்கா. டப்பாவா, பாக்கெட்டா? மலைக்குப் போயிட்டு வந்துட்டீங்களா?"

அவள் ஒரு டப்பா வாங்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "கார் ரேஸு ஆடுறது நீங்கதானே? எந்தம்பி ஒங்க வீடியோவெல்லாம் பாப்பான்."

குகனுக்கு முகம் மலர்ந்தது. கூட்டம் இல்லாத நேரம் வேறு. பேச ஆரம்பித்துவிட்டான்.

"கொஞ்ச நாள் முன்னாடி ஒரு அம்மாவை நீங்க..." என்று அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"அதா? அது மேல வில்பட்டிக்காரம்மா. நல்லா ஓட்டும்க்கா, பொய் சொல்லக் கூடாது. நேரா முந்த முடியல. அதான் ஒரு தட்டு. தட்டிட்டு ஒடனே சாரி போட்றணும். சாரி போட்டுட்டா எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான். மிச்சத்தை வீடியோவுல வெட்டிட்டா முடிஞ்சு போச்சு." சிரித்தான். "தம்பிக்குச் சொல்லுங்க, இதான் டெக்னிக்குனு."

மணிமேகலையும் சிரித்தாள். வண்டிக்குத் திரும்பி டப்பாவைப் பக்கத்துச் சீட்டில் வைத்தாள். அங்கேயே கூச்சல் போட்டுக் கடைத்தெருவைக் கூட்டியிருக்கலாம். ஆனால் அவன் அவமானப்பட வேண்டிய இடம் கடைத்தெரு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அவளைப் பார்த்து எங்கே சிரித்தார்களோ, அங்கே.

அன்றிலிருந்து தட்டிப் பழகுவதை நிறுத்திவிட்டாள். அவனுடைய பழைய ஒளிபரப்புகளை உட்கார்ந்து பார்த்தாள். பின்னால் ஒரு கார் நெருங்கினாலே அவன் பார்வை கண்ணாடிக்குத்தான் போகும். முன்னால் இருக்கிற ரோட்டை மறந்துவிடுவான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

தடை முடிந்து அவள் திரும்பியபோது பாக்கி இருந்தது அந்த வருடத்தின் கடைசிப் போட்டி. புள்ளிகளில் குகன் முதலிடம். அவனுக்கு அடுத்து ஆயக்குடியைச் சேர்ந்த தமிழ்மதி என்ற கல்லூரிப் பெண். மணிமேகலைக்குக் கோப்பை கிடைக்க வழியே இல்லை. போட்டிக்கு முன்னால் ஞானவேலுக்கு ஒரே ஒரு வேண்டுகோள் எழுதினாள்: 'இந்த ரேஸை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நீங்கள் நேரடியாகப் பார்க்க வேண்டும்.' அவர் சரி என்றார்.

குகன் முன்னால் பாய்ந்தான். சில சுற்றுகளிலேயே மணிமேகலை இரண்டாவதாக வந்து அவன் பின்னால் நின்றுகொண்டாள். முந்தவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பக்கத்தில் வந்து காரை நுழைத்துக் காட்டுவாள். அவனுக்கு வேண்டிய இடத்தை விட்டுக் கொடுப்பாள். பிறகு பின்வாங்குவாள். அடுத்த வளைவில் மறுபடியும். ஒரு தடவைகூட உரசவில்லை.

"என்னங்க இது, முந்துனா முந்த வேண்டியதுதானே! பின்னாடியே நிக்குது!" என்று குகன் மைக்கில் கத்தினான். நேர் ரோட்டில் திடீரென்று பிரேக் போட்டான், அவள் வந்து மோதட்டும் என்று. அவள் விலகித் தப்பித்தாள். ஞானவேல் எச்சரித்தார். குகன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வளைவில் அவள் பக்கத்தில் வந்ததும் அவள் மேலேயே காரைத் திருப்பினான். மணிமேகலை பிரேக்கை மிதித்தாள். இடிப்பதற்கு அங்கே கார் இல்லை. அவனுடைய கார் தடுப்புச் சுவரைத் தாண்டிச் சரிவில் உருண்டது.

உடைந்த காரைச் சரிபண்ணிக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது ஒரு சுற்று பின்தங்கியிருந்தான். இப்போது மணிமேகலை முதலிடம். கொஞ்ச நேரத்தில் அவள் அவனை எட்டிப் பிடித்தாள். அவன் திரையில் நீல விளக்கு எரிந்தது. அவன் ஒதுங்கவில்லை.

முந்துவதற்கு இடம் தாராளமாக இருந்தது. ஆனாலும் அவள் பின்னாலேயே நின்றாள். முதல் தடவையாக மைக்கைத் திறந்தாள்.

"தம்பி, பின்னாடி நிக்கிறேன். வழி விடுங்க."

குகன் வேகத்தைக் கூட்டினான்.

"குகன், நீல விளக்கு. ஒதுங்குங்க" என்றார் ஞானவேல்.

பின்னால் தமிழ்மதி நெருங்கிவிட்டாள். "அக்கா, எடந்தான் கெடக்கே, வெரசா போங்கக்கா. நான் வந்துட்டேன்."

"நீ போ பாப்பா. எனக்கு அவரு வழி விடணும்."

தமிழ்மதி இருவரையும் கடந்து முதலிடத்துக்குப் போனாள். மணிமேகலை அசையவில்லை. அதே சாந்தமான குரலில் திரும்பவும் சொன்னாள்: "வழி விடுங்க தம்பி."

குகனுக்கு அந்தக் குரல் அப்போதுதான் உறைத்தது.

"நீங்க... கடைக்கு வந்தவங்கதானே?"

"ஆமாங்க தம்பி. பஞ்சாமிர்தம் நல்லாருந்துச்சு."

குகனின் கார் ஒரு கணம் தடுமாறியது. பிறகு குகன், ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருப்பதை மறந்து, பதறிப்போய்ச் சொன்னான்: "அக்கா, அன்னைக்கு நான் கடையில சொன்னதை இங்க சொல்லிறாதீங்க."

"என்ன சொன்னீங்க?" என்று ஞானவேல் கேட்டார்.

குகன் மைக்கை மூடினான். மணிமேகலையும் வாயைத் திறக்கவில்லை. அவன் தானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். 'வீடியோவை வெட்டினதா?' என்று யாரோ எழுத்தில் போட்டார்கள். அடுத்தவர் அதையே கேட்டார். குகன் காரைப் புல்வெளியில் இறக்கி நிறுத்தினான். மணிமேகலை நிதானமாக அவனைக் கடந்தாள்.

"நன்றிங்க தம்பி" என்றாள்.

தமிழ்மதி ஜெயித்தாள். கோப்பையும் அவளுக்குத்தான். குகன் அந்தப் போட்டியை முடிக்கவே இல்லை. அவன் பார்வையாளர்களே பழைய ரேஸின் முழு வீடியோவைக் கேட்டுக் கேட்டு நச்சரித்தார்கள். இரண்டாம் நாள் அவன் அதை ஒரு வார்த்தையும் எழுதாமல் குழுவில் போட்டுவிட்டு வெளியேறினான்.

ஞானவேல் மணிமேகலைக்குப் போன் செய்தார். விசாரிக்காமல் தடை போட்டதற்கு வருத்தம் தெரிவித்தார். அந்தத் தடை தவறு என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டதாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"ஒண்ணு சொல்லலாமாம்மா? நீங்க ஒரு விதியையும் மீறல. ஆனா அன்னைக்கு நீங்க ஓட்டுனது ரேஸ் இல்ல. எடம் இருந்தும் நின்னீங்க. அந்தப் பையனை நாலு பேரு முன்னாடி குனிய வைக்கணும்னே நின்னீங்க."

"ஆமாங்க" என்றாள் மணிமேகலை. "அதுக்குத்தான் நின்னேன்."

அவர் சரியென்று சொல்லிப் போனை வைத்தார். மணிமேகலைக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு நன்றாகவே இறங்கியது. வேல்ராஜ் அதைக் கவனித்தான்.

ஆனால் அடுத்த வருடப் போட்டிகள் ஆரம்பித்தபோது அவளுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அவள் கார் பின்னால் வந்தாலே எல்லோரும் அவசரமாக ஒதுங்கினார்கள். விதிப்படி வழி விடத் தேவையில்லாத இடத்தில்கூட ஒதுங்கினார்கள். ஒருவரும் அவளோடு தோளுக்குத் தோள் நின்று ஓட்டத் தயாராக இல்லை. தமிழ்மதி ஒருத்தி மட்டும்தான் கடைசி வரை மல்லுக்கு நின்றாள்.

மழைக்காலம் ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓட்டுநர்களின் பெயர்களுக்கு நடுவே குகன் என்று இருந்தது. சொந்தப் பெயரிலேயே திரும்பி வந்திருந்தான். மணிமேகலை முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். ரேஸ் முழுக்க அவனையே கவனித்தாள். ஒரு வளைவில் அவன் யாரையோ தெரியாமல் இடித்தான். உடனே நின்று, அந்தக் காரை முன்னால் விட்டு, அதன் பின்னால் போனான். மணிமேகலை பக்கத்தில் வந்தபோது, மற்றவர்களைப் போல ஒதுங்கி ஓடாமல், சரியாக ஒரு கார் அகலம் விட்டு வளைவு முடியும் வரை அவளோடு சேர்ந்தே திரும்பினான்.

அவள் ஸ்டீயரிங்கை விட்டு எழுந்து வந்தபோது அடுப்படியில் வேல்ராஜ் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பய வந்திருக்கானாமே. இன்னும் கோவந்தானா?"

"இருக்கு."

"எதும் பண்ணுனானா?"

மணிமேகலை அவன் எதிரே உட்கார்ந்து, ஒரு பூண்டை எடுத்து உடைத்தாள்.

"ஒண்ணும் பண்ணல. ஒழுங்கா ஓட்டுறான்" என்றாள். "அதாங்க கடுப்பா இருக்கு."