தேவசகாயம் சார் பேசாமல் நடத்திய வகுப்புகள்

குன்றத்தூர் மலையடிவாரத்தில் கல்லூரிப் பேருந்துக்காக நின்றிருந்தேன். வண்டியை நிறுத்திய ஓட்டுநர் ஏழுமலை, சன்னல் வழியே தலையை நீட்டிச் சொன்னார்: "காலேஜ் லீவு மேடம். நம்ம தேவசகாயம் சாரு பூட்டாரு. நேரா அவரு வூட்டுக்குத்தான் போறோம், ஏறுங்க."

செம்பரம்பாக்கம் ஏரிக்கரை முடியும்வரை சன்னல் வழியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சாருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்பதே சில வாரங்களுக்கு முன்புதான் எங்களுக்குத் தெரியவந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இவ்வாண்டு அவரது வகுப்புகளை மிக அருகிலிருந்து பார்த்தவள் நான்.

அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேவசகாயம் சார் பொருளாதாரப் பேராசிரியர். ஒரகடம் பக்கத்து ஊர்க்காரர். அவருடைய குரல் பேருந்து நிறுத்தம்வரை கேட்கும். அடுத்த அறையில் புள்ளியியல் நடத்தும் எனக்கு அது நித்திய தொல்லை. கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒருநாள் முறையிடப் போனேன்.

"சார், உங்க பாடத்தை என் பிள்ளைங்களும் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"நல்லதுதானே சரோஜாம்மா! ஒரே பீரியட்ல ரெண்டு பேப்பர் பாஸாயிடுவாங்க."

பல ஆண்டுகள் அப்படியே சென்றன. பிறகு பல்கலைக்கழகம் எங்கள் கல்லூரிக்கு ஓவர்ஹெட் புரொஜெக்டர் ஒன்றை அனுப்பியது. கண்ணாடித்தாளில் எழுதினால் எழுத்து பெரிதாகச் சுவரில் விழும். முதலில் அதைக் கேலி செய்தவரே தேவசகாயம் சார்தான். "இன்னாம்மா இது, இட்லி குண்டான் மேல பூதக்கண்ணாடி வெச்சா மாதிரி கீது!" என்றார். ஆயுதபூசைக்குக் குங்குமம் வைத்ததோடு கருவி அலமாரிக்குப் போனது. "கல்யாணப் புடவை மாதிரி மேடம், வருசத்துக்கு ஒரு தபா வெளிய வந்தா போதும்" என்றார் அலுவலக உதவியாளர்.

இவ்வாண்டு, 1991 தொடக்கத்தில், ஆசிரியர்கள் இக்கருவிகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று மதிப்பிடச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. எண்ணத் தெரிந்தவள் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கருவி என்பது சோம்பேறி ஆசிரியருக்குக் கிடைத்த மறைப்பு என்றே நினைத்திருந்தேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வகுப்புகளைப் பார்த்தேன். பெரும்பாலானோர் எனக்காக அன்று மட்டும் கருவியைத் தூசி தட்டி எடுத்து வந்தது தெரிந்தது.

தேவசகாயம் சாரின் வகுப்பு அப்படியில்லை. அவர் வாக்கியம் ஒன்றை எழுதுவார். பேனா மூடியால் கண்ணாடியை இருமுறை தட்டுவார். மாணவர்கள் அதை உரக்கப் படிப்பார்கள். அடுத்து ஒரு கேள்வியை எழுதி யாரையாவது நோக்கி விரல் நீட்டுவார். அந்த மாணவர் எழுந்து பதில் சொல்ல, இன்னொருவர் மறுக்க, வகுப்பே வாதாடும். அவர் ஒரு சொல்லும் சொல்லமாட்டார்.

மதிப்பீட்டு விதிப்படி, ஆசிரியர் குறைவாகப் பேசி மாணவர் அதிகம் பேசினால் மதிப்பெண் கூடும். நான் முழு மதிப்பெண் போட்டேன். சந்தேகப்படுவது என் இயல்பு. சந்தேகப்பட்டிருக்க வேண்டிய ஒரே இடத்தில் வியந்து நின்றுவிட்டேன். அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்று என்று எனக்குத் தோன்றவில்லை. என் வகுப்புக்கு நிம்மதி கிடைத்தது என்றுதான் தோன்றியது.

முடிவைச் சொன்னபோது வராந்தாவில் என் பக்கம் குனிந்து, காற்றும் குரலுமாகக் கேட்டார்: "அப்ப இனிமே என்னைப் பேசச் சொல்லமாட்டாங்க இல்ல?"

வழக்கமான வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். "தொண்டை கட்டியிருக்கா சார்?" என்றேன். "சாக்பீஸ் தூசு" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன்.

இந்தக் கற்பித்தல் முறையைப் பல்கலைக்கழகத்தில் செய்து காட்ட அவரையே அழைத்தார்கள். நானும் உடன் சென்றேன். கூட்டத்தில் ஒருவர் கேள்வி கேட்டார். தேவசகாயம் சார் பதிலைத் தாளில் எழுதி, சுவரைக் காட்டினார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். எல்லோரும் வெளிச்சம் விழுந்த சுவரைத்தான் பார்த்தோம். எழுதிய மனிதர் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு திரும்பி நின்றதை ஓரக்கண்ணால் கண்டும், நான் மறுபடி சுவரையே பார்த்தேன்.

அதன் பிறகு மருத்துவமனை. மருத்துவர்கள் தாமதம் என்றார்கள்.

அன்று அடக்கம் முடிந்ததும், கல்லறைத் தோட்டத்தில் அவருடைய மூன்றாமாண்டு மாணவி மல்லிகா என் அருகில் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"எங்களுக்கு முன்னாடியே தெரியும் மேடம். தண்ணி முழுங்கவே கஷ்டப்படுவாரு. யாராண்டயும் சொல்லாதீங்க, கிளாஸை புடுங்கி வூட்ல குந்த வெச்சிடுவாங்கன்னு எழுதிக் காட்டினாரு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அம்மா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான் அத்தினி நாளு பின்னாடி குந்திகினு அவரையே பாத்துகினு இருந்தீங்களே மேடம். உங்களுக்கும் தெரியும், தெரிஞ்சுதான் சாருக்கு ஒத்தாசையா கம்முனு கீறீங்கன்னு நெனச்சோம்."

அந்தப் பெண் குற்றம் சாட்டவில்லை. என்னை நல்லவள் என்று நம்பியிருந்ததைச் சொன்னாள்.

கல்லூரி திறந்ததும் அவருடைய வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கருவி மேசைமேலேயே இருந்தது. பொருளாதாரம் எனக்குத் தெரியாது; பாடநூலிலிருந்து ஒரு வரியைக் கண்ணாடித்தாளில் எழுதினேன். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, கையிலிருந்த பேனா கண்ணாடியில் பட்டுச் சத்தம் கேட்டது.

வகுப்பு முழுவதும் ஒரே குரலில் அந்த வரியைப் படித்தது. அடுத்த அறை ஆசிரியர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு உரக்கப் படித்தது.

இம்முறை நான் சுவரைப் பார்க்கவில்லை. முன்வரிசையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சார், உங்கள் வகுப்பை யாரும் பிடுங்கவில்லை. போய் வாருங்கள்.