போலீசுக்குப் போனால்தான் பன்றிக்கால்

மெரிங்டன் ரயில் நிலையத்துக்கு எதிரே ஹோங் லிஜூவின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. ஆறே மேசை, பெயர்ப்பலகையில் பாதி விளக்கு எரியாது. சிட்னியில் இதைவிட நல்ல கடைகள் எத்தனையோ உண்டு. ஆனால் எங்கள் ஆட்களில் நேரம் கெட்டவன் எவனானாலும் நேராக இங்கேதான் வருவான்.

சீனாவில் ஃபூஜியன் மாகாணத்தின் தென்கரையிலிருந்து வந்தவர்கள் நாங்கள். ஏதாவது கண்டத்திலிருந்து தப்பினால் பன்றிக்கால் நூடுல்ஸ் சாப்பிட்டாக வேண்டும். கார் இடித்தாலும் சரி, வேலை போனாலும் சரி, ஜெயிலிலிருந்து வெளியே வந்தாலும் சரி. கறி எலும்பைவிட்டுக் கழன்று வரும்வரை கால் வேகவேண்டும். மெல்லிய நூடுல்ஸை நறுக்காமல் முழு நீளமாகப் போட வேண்டும். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டால் பீடை கழிந்தது. வீட்டிலும் செய்யலாம்தான். ஆனால் ஒற்றை அறையில் குடியிருப்பவனுக்குப் பன்றிக்கால் வேகவைக்க அடுப்பு ஏது? அதோடு, லிஜூ கையால் வாங்கிச் சாப்பிட்டால்தான் சரியாகப் பலிக்கிறது என்று ஒரு பேச்சும் இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது லிஜூவேதான் என்பது என் சந்தேகம்.

லிஜூவுக்கு அறுபது வயது. கட்டைகுட்டையான உருவம், தெருமுனைவரை கேட்கும் தொண்டை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தையல் ஆலையில் சட்டைக் காலர் தைத்தாள். புருஷன் சூதாட்ட மேசையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அவள்தான் எழுந்து வந்துவிட்டாள். விவாகரத்து கிடைத்த அன்று தனக்குத்தானே ஒரு கிண்ணம் பன்றிக்கால் நூடுல்ஸ் சமைத்துச் சாப்பிட்டாளாம். ருசி நன்றாக இருந்ததால் கடை போட்டேன் என்பாள். பிள்ளை குட்டி இல்லை. கடையில் பாத்திரம் துலக்கும் பாவ்ஜென்தான் அவளுக்குத் தங்கை, தோழி, சண்டைக்காரி எல்லாம்.

நான் பத்திரிகைக்காரன். மளிகைக் கடை வாசல்களில் இலவசமாக அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தச் சீனமொழி வாரப் பத்திரிகை. நகரசபைச் செய்தியும் குற்றச் செய்தியும் என் பொறுப்பு. இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்று சொன்னால் முதலாளி முறைப்பார். மத்தியானச் சாப்பாடு எனக்கு லிஜூ கடையின் மூலை மேசையில்தான்.

கடைத்தெருவையும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பையும் இணைப்பது ஒரு சுரங்கப்பாதை. இருந்த விளக்குகளில் முக்கால்வாசி செத்துவிட்டன. போன குளிர்காலத்திலிருந்து அங்கே கைப்பை பறிப்பு, சங்கிலி அறுப்பு. மின்சார ஸ்கூட்டரில் இரண்டு பேர் சர்ரென்று வருவார்கள், பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பறிகொடுத்தவர்கள் என்ன செய்தார்கள்? செல்போனில் வீசாட் அரட்டைக் குழுவில் புலம்பினார்கள். எல்லோரும் அழுகிற பொம்மை அனுப்பினார்கள். பிறகு லிஜூ கடைக்கு வந்து ஒரு கிண்ணம் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, போனது பொருளோடு போயிற்று என்று வேலைக்குப் போனார்கள். போலீசுக்கு ஒருவர்கூடப் போகவில்லை. ஆங்கிலம் வராது, ஒரு நாள் சம்பளம் போகும், விசாவில் ஏதாவது சிக்கல் வரும், எல்லாவற்றுக்கும் மேலாக, போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்தால் இருக்கிற பீடை இரட்டிப்பாகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் பெயர் சொல்ல மாட்டார்கள், போலீசிடம் பதிவு இருக்காது, நான் எதை வைத்துச் செய்தி போடுவது?

இதில் குளிர்காய்ந்தவர் ஜுவாங் ஜிவென். நகரசபையில் எங்கள் ஆள் என்று சொல்லிக்கொள்ள இருக்கிற ஒரே உறுப்பினர். எந்த விருந்தானாலும் முதல் வரிசையில் இருப்பார், எந்தப் புகைப்படத்திலும் நடுவில் நிற்பார். கடைத்தெரு முகப்பில் சிங்கங்கள் வைத்து ஒரு பெரிய அலங்கார வளைவு கட்டுவது அவர் கனவு. கல்லில் அவர் பெயரும் வரும், சொல்ல வேண்டுமா. நகரசபையில் பணம் இருந்தது ஒன்றுக்குத்தான்: வளைவா, சுரங்கப்பாதைக்கு விளக்கும் கேமராவுமா? ஜுவாங் எழுந்து நின்று, போலீஸ் கணக்கைப் பாருங்கள், அந்தப் பாதையில் ஒரு குற்றமும் கிடையாது, என் மக்கள் அங்கே நிம்மதியாக நடக்கிறார்கள் என்று பேசினார். கணக்கு உண்மைதான். ஒருவரும் சொல்லாததை போலீஸ் எங்கிருந்து எழுதும்? முடிவு அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

அந்த வாரம்தான் பாவ்ஜெனைத் தள்ளிவிட்டார்கள். கடையை முடித்துவிட்டு அறைக்குப் போகிற வழியில், சுரங்கப்பாதையில், ஸ்கூட்டர்காரர்கள் பையைப் பிடுங்கினார்கள். அவள் விடவில்லை. இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதினார்கள். மணிக்கட்டு முறிந்தது. மறுநாள் மாவுக்கட்டோடு கடைக்கு வந்து உட்கார்ந்தாள். நாட்டின் மறுகோடியில், பெர்த்தில் இருக்கும் அத்தை மகளோடு போய் இருந்துவிடுகிறேன், இனி அந்தப் பாதையில் என்னால் நடக்க முடியாது என்றாள். அவள் அறைக்குப் போக இருக்கிற ஒரே வழி அந்தச் சுரங்கப்பாதைதான். சுற்றிப் போக பஸ்ஸும் கிடையாது.

லிஜூ உள்ளே போய் நூடுல்ஸை வெந்நீரில் போட்டாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தவள், பாவ்ஜென் முன்னால் வைக்கப் போன கையை அப்படியே நிறுத்தினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் கோபத்தில் சிவந்தது. யார்மேல் கோபம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

"இந்தக் கிண்ணந்தான்டி எல்லார் வாயையும் அடைக்குது. நான்தான் அடைக்கிறேன். சாப்பிட்டதும் எல்லாத்தையும் மறந்துடுறீங்க. அவனுங்க அடுத்த ஆளுக்குக் காத்திருக்கானுங்க."

"அதுக்கு? எனக்குச் சோறு கிடையாதா?"

"போலீசுக்குப் போயிட்டு வா. அப்புறம் கிடைக்கும்."

பாவ்ஜென் அழுதாள், திட்டினாள், கையை உடைத்தவனைவிட நீ மோசம் என்றாள். லிஜூ கடையைப் பூட்டிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு போனாள். ஸ்டேஷனில் ஒரு இளம் போலீஸ்காரி தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். விசாவைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. தேநீர் வேறு கொடுத்தாளாம். திரும்பி வந்து பாவ்ஜென் சாப்பிட்டாள். அன்று மாலை கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: வழிப்பறிக்கு ஆளானவர்களுக்கு, போலீசுக்குப் போனால்தான் பன்றிக்கால்.

ஊர் கொந்தளித்தது. பீடையோடு வருகிறவனை வாசலில் நிறுத்துவதா, இவள் மனுஷியா என்று வீசாட்டில் கிழித்தார்கள். ஊர்ச் சங்கத்துத் தலைவர் சங்க விருந்தை வேறு கடைக்கு மாற்றினார். லிஜூ அசையவில்லை. சங்கிலி பறிகொடுத்த தையல்காரி ஒருத்தி போலீசுக்குப் போகாமல் வேறு கடையில் பன்றிக்கால் சாப்பிட்டுவிட்டுப் போய், அதே வாரம் படியில் சறுக்கி விழுந்தாள். அது போதும். அடுத்த நாளே ஆட்கள் ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தார்கள். தனியாகப் போக பயந்து கும்பலாகப் போனார்கள். பழைய திருட்டை எல்லாம் தோண்டி எடுத்துச் சொன்னார்கள். அந்த இளம் போலீஸ்காரி ஒருநாள் கடைக்கே வந்து, இந்த ஊரில் திடீரென்று என்ன ஆயிற்று என்று கேட்டாள். லிஜூ அவளுக்கு இலவசமாக ஒரு கிண்ணம் கொடுத்தாள்.

நகரசபைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரம், பின்வாசல் வழியாக ஜுவாங் உள்ளே வந்தார். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார். மூலையில் நான் இருந்ததைக் கவனிக்கவில்லை. லிஜூவும் அவரும் ஒரே ஊர். சின்ன வயதில் அவர் மூக்கு ஒழுக ஓடியதைப் பார்த்தவள் அவள்.

"அக்கா, ஒரு கிண்ணம் கட்டிக் குடுங்க."

"யாருக்குத் தம்பி?"

"வீட்டுல ஒருத்தருக்கு. வழுக்கி விழுந்துட்டாரு."

லிஜூ அவர் இடது கையைப் பார்த்தாள். கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

"கடிகாரமும் சேந்து வழுக்கி விழுந்துடுச்சா?"

ஜுவாங் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் மாலை, விருந்து முடிந்து காரை எடுக்கச் சுரங்கப்பாதையில் போனபோது மடக்கினார்களாம். கடிகாரம், செல்போன், இரண்டும் போயிற்று. அடுத்த வாரம் கூட்டம், பிறகு தேர்தல், இந்தப் பீடையோடு எப்படிப் போய் நிற்பேன், நீங்கள்தான் பார்த்துச் செய்ய வேண்டும் என்று கெஞ்சினார்.

"கண்ணாடியில ஒட்டியிருக்கே, படிச்சீங்களா?"

"அக்கா, நான் யாருன்னு மறந்துட்டீங்களா? நான் போனா பேப்பர்ல வந்துடும்."

லிஜூ என் பக்கம் திரும்பினாள். "வருமா?"

"முதல் பக்கத்துல" என்றேன்.

மனிதருக்கு ரத்தம் சுண்டிவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கிண்ணத்துக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன். ஆனால் லிஜூ சிரிக்கவில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க தம்பி. போனீங்கன்னா எங்களை மாதிரி பறிகொடுத்த மனுஷன். போகலைன்னா பொய் சொன்ன மனுஷன். யாருக்கு ஓட்டு விழும்னு உங்களுக்கே தெரியும். போயிட்டு வாங்க, அடுப்புலயே வெச்சிருக்கேன்."

அவர் போய்விட்டார். போலீசுக்குப் போவாரா, வேறு கடைக்குப் போவாரா என்று எனக்குத் தெரியவில்லை. லிஜூ கத்தியை எடுத்து வெங்காயத்தாள் நறுக்கினாள். பாவ்ஜென் ஒற்றைக் கையால் மேசை துடைத்தாள். பெர்த் போக டிக்கெட் பார்த்துவிட்டேன், கூட்டத்துக்கு மறுநாள் என்று அவள் சொன்னபோதுதான் லிஜூ கத்தியைக் கீழே வைத்தாள்.

கடை சாத்துகிற நேரத்துக்கு ஜுவாங் திரும்பி வந்தார். இந்த முறை முன்வாசல் வழியாக, தொப்பி இல்லாமல். போலீஸ் கொடுத்த புகார் எண்ணை மேசையில் வைத்தார். லிஜூ இருப்பதிலேயே பெரிய கிண்ணத்தை எடுத்தாள். மனிதர் எலும்புவரை சப்பிச் சாப்பிட்டார்.

புகார் மறுநாளே போய்விட்டதால் போன் எங்கே இருக்கிறது என்று போலீசால் பார்க்க முடிந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு கார் கொட்டகை. ஸ்கூட்டர் இருந்தது, கைப்பைகள் குவியலாக இருந்தன, திருடர்கள் இருவரும் அங்கேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பலர் தனித்தனியாகச் சொல்லியிருந்த அடையாளங்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தின. பாவ்ஜெனின் பையும் கிடைத்தது. முதல் பக்கம் முழுவதும் எனக்கே. முதலாளி முறைக்கவில்லை.

நகரசபைக் கூட்டத்துக்குக் கடைத்தெருவே போயிருந்தது. பார்வையாளர் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றோம். ஜுவாங் எழுந்தார். போன மாதம் நான் சொன்னது தவறு, என் மக்கள் பேசாமல் இருந்ததை நிம்மதி என்று நினைத்துவிட்டேன், வளைவுத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். அவர் வாயிலிருந்து இப்படி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, கொஞ்சம் பிடித்தும்போயிற்று. விளக்குக்கு ஆதரவு எவ்வளவு என்று சபைத் தலைவர் கேட்டார். எல்லாக் கைகளும் எழுந்தன. விவரம் புரியாமல் லிஜூவும் கை தூக்கினாள். பார்வையாளர்களுக்கு ஓட்டு இல்லை அம்மா என்று தலைவர் சொல்லியும் அவள் கையை இறக்கவே இல்லை. பாவ்ஜென் அங்கேயே டிக்கெட்டை ரத்து செய்தாள்.

விளக்குகளைத் திறந்து வைக்கிற மாலை சுரங்கப்பாதை வாசலில் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். உள்ளே பகலாக இருந்தது. ஜுவாங் கத்தரிக்கோலோடு நின்று பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். நாள் முழுக்கப் பாத்திரம் துலக்கிய பாவ்ஜென், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள். நாடாவைக் கையால் தூக்கினாள், குனிந்து நுழைந்தாள், தன் வீட்டுப் பக்கம் நடந்தாள். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சு பாதியில் நின்றது. லிஜூதான் முதலில் கைதட்டினாள்.