தண்ணிக்கைக்காரர்

இருக்கிறது என்று எழுதி வைத்திருப்பது இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதுதான் சமூகத் தணிக்கை. அரசாங்கம் கட்டியதாகச் சொன்ன ஒன்றைத் தேடி நீங்களும் அலைந்திருப்பீர்கள். எனக்கு அந்த அலைச்சலே சோறு. துண்டறிக்கைகளில் படித்து, மறியலில் உட்கார்ந்து தேய்ந்தவன் நான். சாராயமும் கஞ்சாவும் தின்றுகொண்டிருக்கும் மலை ஊர்களுக்குச் செலவழித்ததைப் பார்த்து வரச் சொல்லி, அதே அரசாங்கம் இப்போது கூலி தருகிறது. வாங்கிக்கொள்கிறேன், வணங்குவதில்லை.

பாயின் சந்தேகம்

திருப்பத்தூரிலிருந்து பங்கு ஜீப். ஓட்டியவர் வாணியம்பாடி பாஷா பாய். ஒவ்வொரு வளைவிலும் மூடுபனி திறந்து வழிவிட்டு, பின்னால் சாத்திக்கொண்டது. அரைத் தூக்கத்தில், என் வேலை தணிக்கை என்றேன். கியரை மாற்றிக்கொண்டே கேட்டார்.

"தணிக்கைன்னா சினிமால வெட்டுறதுதானே சார்? மலை மேல இன்னா படம் ஓடுது?"

காதில் விழுந்த சொல்

ஊரில் இறங்கி வேலையைச் சொன்னபோது, சாமை வயலோரம் நின்ற மல்லிகாவின் காதில் அந்தச் சொல் 'தண்ணிக்கை' என்று விழுந்துவிட்டது. தண்ணி என்றால் அங்கே சாராயம். அதை நிறுத்தக் கைராசிக்காரர் ஒருவரை சர்க்கார் அனுப்பியிருப்பதாக நம்பிவிட்டாள். அவள் தம்பி ஆனந்தனுக்கு ஏற்கெனவே வலிப்பு வந்திருந்தது. இப்படியே குடித்தால் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செலவைச் சரிபார்க்க மட்டுமே வந்திருக்கிறேன் என்று பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"சரிங்கண்ணா. தம்பி மேல எப்ப கை வெப்பீங்க?"

பேட்டரி

ஊர்த் திருப்பத்தில் சோலார் விளக்கு. கம்பம் இருந்தது, தகடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, பேட்டரிப் பெட்டி காலி. கஞ்சாப் பொட்டலம் கைமாறுவதும், சந்தைக்குப் போய் வரும் பெண்களிடம் பணம் பறிப்பதும் அந்த இருட்டில்தான். பெட்டிக்குள் நான் கைவிட்டுத் துழாவியபோது ஆனந்தன் வந்து நின்றான். குரலில் வெட்கமும் இல்லை, திமிரும் இல்லை.

"அத்தத் தேடாதீங்க சார். அத்த நான் குடிச்சிட்டேன்."

மையம்

பனி விலகியதும் போதை மீட்பு மையம் மேட்டில் மிதப்பதுபோலத் தெரிந்தது. நீலச் சுவர், புதுப் பலகை. உள்ளே கட்டில் இல்லை. கட்டடம் கட்டிய ஒப்பந்தக்காரரின் புளி மூட்டைகள் கூரைவரை. அந்த வாசனையிலேயே பல் கூசியது. தம்பியை இழுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்த மல்லிகா, அவனை ஒரு மூட்டைமேல் படுக்க வைத்தாள். குழந்தைபோலத் தூங்கிப்போனான். ஊராட்சிச் செயலருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"எழுதிக்குங்க சார், பேஷண்டு கூட கீறாரு."

கிராம சபை

விளக்கு எரியவில்லை, மையத்தில் புளி இருக்கிறது என்று சபையில் படித்தேன். அடுத்த தணிக்கைக்குள் கட்டில் வந்துவிடும் என்றார் கீழேயிருந்து வந்த அதிகாரி. என் தலை கறுப்பாக இருந்த நாளிலிருந்து கேட்கும் வாக்குறுதி. கோஷம் போட வாயைத் திறந்தேன். அதற்குள் மல்லிகா எழுந்து போய்விட்டாள்.

சற்று நேரத்தில் பனிக்குள் ஒரு கயிற்றுக் கட்டில் மட்டும் தனியாக மேடேறுவது தெரிந்தது. அடியில் அவள். சபையில் இருந்த பெண்களும் எழுந்து போய் மூட்டைகளை இழுத்து வெளியே போட்டார்கள். மழை தூறத் தொடங்கியது. "புளி நனையுது" என்று ஒப்பந்தக்காரரின் ஆள் அலறினான். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, அதிகாரி கைபேசியை எடுத்து நர்ஸ் ஒருவரை அனுப்பச் சொன்னார்.

மறுநாள் காலை பாஷா பாயின் ஜீப்பிலேயே நர்ஸ் வந்து இறங்கினார். ஆனந்தன் கட்டிலில் கிடந்தான். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. இதில் என் கை எதுவுமில்லை என்று மல்லிகாவிடம் மறுபடி விளக்கப் போனேன்.

"ராசி நல்லாத்தான் கீதுண்ணா. பேசிகினே நின்னா ஜீப்பு போய்டும்."

அன்று முதல் யார் கேட்டாலும் என் தொழில் தண்ணிக்கை என்றே சொல்லிக்கொள்கிறேன். எழுத்துப் பிழையைத் திருத்தத்தான் படித்தவர்கள் நிறையப் பேர் சம்பளம் வாங்குகிறார்களே.