பூட்டிக் கிடந்த நாலு நிமிடம்

சிதம்பரத்தில் என் அக்கா தமிழ்ச்செல்வி வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் பட்டிமன்றம் வந்துவிடும். அக்காவின் கணவர் உத்திராபதி மாமா ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர். கல்யாணமோ காதுகுத்தோ, மைக்கைக் கண்டால் விடமாட்டார். ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்கு யோகம் அடித்தது. ஒரு பொங்கல் பட்டிமன்றத்தில், டிவியில் நாலு நிமிடம் பேசினார். அதை டிஷ் பாக்ஸில் ஹார்டு டிஸ்க் செருகிப் பதிவு செய்துகொண்டார். சேனல்காரர்கள் நெட்டில் போட்டதோ நடுவரின் தீர்ப்பை மட்டும்.

மகள் இலக்கியாவைக் கட்டிக்கொடுத்த கடலூரில் மட்டும் இந்தப் பெருமை செல்லுபடியாகவில்லை. "டிவியில வந்தீங்களாமே சம்பந்தி? எங்க கண்ணுல படலியே!" என்று பார்க்கும்போதெல்லாம் சீண்டுவார் சம்பந்தி கலைமணி. "ஒரு தடவ அந்த ஆளு பாக்கட்டும், அப்புறம் வாயத் தொறக்கட்டும்" என்று மாமா பொருமுவார்.

தலைதீபாவளிக்கு அழைக்கப் போனபோது ஹார்டு டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டார். சம்பந்தி வீட்டு டிவியில் செருகினால், உள்ளே ஒன்றுமே இல்லை என்றது.

"பரவால்ல, நம்பறோம் சம்பந்தி" என்றார் கலைமணி. அந்த 'நம்பறோம்' மாமாவைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் டிஷ் கம்பெனிக்கு ஃபோன் போட்டார்.

"காப்பிரைட் பாதுகாப்பு சார். எந்த பாக்ஸ்ல ரெக்கார்டு பண்ணீங்களோ அதுல மட்டும்தான் ஓடும்" என்றது ஒரு பெண் குரல்.

"பேசுனது நானு. என் மூஞ்சிக்கு எவன்மா பூட்டு போட்டது?"

"புரியுது சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

மாமா ஃபோனைக் கட்டிலில் எறிந்தார். நான் செல்போனில் டிவித் திரையைப் படம் பிடித்துப் பார்த்தேன். கோடு கோடாக ஓடியதில் அவர் முகமே தெரியவில்லை. "திருட்டுப் படம் மாதிரி இருக்கு மச்சான், அழிச்சிடு" என்றார்.

இலக்கியாவின் வளைகாப்புக்குக் கடலூர் போனோம். பஸ்ஸில் அக்கா மடியில் வளையல் கூடை, மாமா மடியில் துண்டில் சுற்றிய டிஷ் பாக்ஸ். "புள்ளத்தாச்சிய பாக்கப் போறமா, உங்க மூஞ்சிய காட்டப் போறமா?" என்று அக்கா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

சடங்கு முடிந்து, சாப்பிட்டு, இரண்டு பக்கத்து உறவும் கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து பாக்ஸை மாட்டினேன். சிக்னல் இல்லை, சந்தாவைச் சரிபார்க்க முடியவில்லை என்று எழுத்து வந்தது. சம்பந்தி வீட்டில் கேபிள். மாடியில் டிஷ் கிடையாது. பதிவு கையிலேயே இருக்கிறது, பாக்ஸும் இருக்கிறது, ஆனாலும் வானத்தைக் கேட்காமல் காட்டாதாம்! எனக்கே அதைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல எரிச்சல் வந்தது. மாமா ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார்.

"விடுங்க சம்பந்தி, பேசுனவரே இங்க இருக்கீங்க. பேசித்தான் காட்டுங்களேன்" என்றார் கலைமணி. எல்லோரும் சிரித்தார்கள்.

மாமா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நன்றாகத்தான் பேசினார். இருந்த ஆத்திரத்தில், எந்த வீட்டில் நின்று எதைப் பேசுகிறோம் என்பதை மறந்துவிட்டார்.

"மருமகளும் எனக்கு மகதான்னு சொல்றீங்க. மகளுக்கு வைக்கிற சூடான தோசைய, என்னைக்காவது மருமகளுக்கு வச்சிருக்கீங்களா?"

அங்கே நிறுத்தினார். டிவியில் அந்த இடத்தில்தான் கைதட்டல் வரும். பார்த்துப் பார்த்துப் பழகியவர், அதற்காகக் காத்து நின்றார். ஒருவரும் தட்டவில்லை. சம்பந்தியம்மா முகம் இறுகிவிட்டது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது சலசலவென்று வளையல் சத்தம் கேட்டது. முழங்கைவரை அடுக்கிய கையோடு இலக்கியா தட்டினாள். அவள் சிரிக்கவில்லை. கண் நிறைந்திருந்தது.

மாமா மிச்சப் பேச்சையும், டிவியையும் சம்பந்தியையும் மறந்து, மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.