அக்காவின் மயில் கடிகாரம்

எங்கள் அன்பு அக்கா கர்த்தரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. அவரை நினைத்துக் கூடியிருக்கும் உங்களுக்காக, தம்பியாகிய நான் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பொழிச்சலூரில். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், படிப்பு முடிந்த கையோடு குரோம்பேட்டையில் அளவுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்தது அந்தச் சம்பளம்தான். திருமணமாகிக் கீழ்க்கட்டளைக்குப் போன பிறகு, அத்தான் பழைய பொருள் கடையிலிருந்து ஓடாத கடிகாரம் ஒன்றை வாங்கி வந்தார். மணிக்கொரு முறை கதவைத் திறந்து வரவேண்டிய மரக்குருவி உள்ளேயே சிக்கியிருந்தது. அதை வெளியே வரவைத்தபின் அக்காவுக்கு வேறெதிலும் மனம் செல்லவில்லை. பழைய கடிகாரங்களை வாங்கிச் சரிசெய்து விற்றார். பிறகு வேலையை விட்டுவிட்டு, தாமே பித்தளையில் பல்சக்கரம் வெட்டி, ஆடும் பொம்மைகள் வைத்த கடிகாரங்களைச் செய்யத் தொடங்கினார்.

அவற்றுள் பெரியது மயில் கடிகாரம். மணி அடிக்கும்போது மயில் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, தோகையை விரித்து, மெல்ல மூடும். முகப்பின் கீழே தம் பெயரையும் ஊரையும் தமிழில் செதுக்கியிருந்தார். அத்தான் வேலை பார்த்த கம்பெனியை மூடியிருந்த நேரம் அது. வீடே அந்த மயிலைத்தான் நம்பியிருந்தது.

நுங்கம்பாக்கத்திலிருந்து கலைப்பொருள் வியாபாரி ஒருவர் பார்க்க வந்தார். அன்று நானும் அங்கிருந்தேன். மயில் ஆடி முடியும்வரை அவர் குனிந்து பார்த்தார். பிறகு, "மேடம், இந்தப் பேரை எடுத்துட்டு ஒரு லண்டன் பேரைப் போட்டுடுங்க. நூறு வருஷப் பழசுன்னு நான் வித்துக்கறேன்" என்றார்.

அக்கா முகப்பிலிருந்த தம் பெயரைத் துணியால் துடைத்தார். "இது கழுத்தைத் திருப்பறதுக்கே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு சார். வெள்ளைக்காரன் செஞ்சான்னு என்னால சொல்ல முடியாது."

அத்தான் என்ன சொல்வாரோ என்று பயந்தேன். அவர் காபியை நீட்டி, "சாப்பிட்டுக் கிளம்புங்க சார்" என்றார்.

மயில் வெகுநாள் கூடத்திலேயே நின்றது. அத்தான் பள்ளி வேன் ஓட்டினார். அக்கா அக்கம்பக்கத்து மிக்ஸி, கிரைண்டர்களைப் பழுது பார்த்தார். இருவரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

ஒருநாள் அதே வியாபாரி திரும்பி வந்தார். பழையது என்று அவர் விற்ற வேறொரு கடிகாரத்தின் குட்டு வெளிப்பட்டு, வாங்கியவர் சண்டைபோட்டுத் திருப்பித் தந்துவிட்டாராம். இனி யார் செய்தது என்று சொல்லியே விற்பதாகச் சொல்லி, மயிலை அப்படியே வாங்கிப்போனார். அதன்பின் அக்காவின் பெயரைக் கேட்டே வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

கடைசிக் காலத்தில் அக்காவுக்குக் கைநடுக்கம் வந்தது. திருகாணியைப் பிடிக்க முடியாமல் அழுதபோது அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ சொல்லு, நான் திருப்பறேன்" என்றார். அப்படி உருவானதுதான் துதிக்கையைத் தூக்கும் யானைக் கடிகாரம். அது ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா கண்மூடினார்.

மருத்துவர்களுக்கும், முறைவைத்துச் சமைத்துக் கொண்டுவந்த அண்டைவீட்டாருக்கும், ஜெபித்த சபையாருக்கும் எங்கள் நன்றி. இந்த நினைவு மலரின் அச்சுப்படியைப் படித்த அத்தான், தம்மைப் பற்றிய வரிகளை மட்டும் அடித்துத் தந்தார். அவற்றை நான் மறுபடி சேர்த்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அத்தான்.