ஜாடியில் இரண்டாவது மீன்

நங்கநல்லூர் வீட்டு ஜன்னலில் ஒரு மணி பிளான்ட் வைத்திருக்கிறேன். வழக்கம்போல் தண்ணீர் மாற்ற மறந்துபோய், இன்று காலை பாட்டிலைக் கவிழ்த்தபோது குப்பென்று ஒரு பாசி நாற்றம் வந்தது பாருங்கள், நேரே கோபாலபுரத்தில் ஏழாம் வகுப்பு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

நான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம் அது. புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று போர்டில் அம்புக்குறி போட்டு அலுத்துப்போய், மிட்டாய்க் கடையில் இருக்குமே, அந்த மாதிரிப் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று வாங்கினேன். அடியில் மண், கொஞ்சம் வேலம்பாசி, இரண்டு நத்தை, ஒரே ஒரு கப்பி மீன். மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினேன்.

"வெளிச்சம் மட்டும்தான் உள்ள போகும், சூடா வெளிய வந்துடும். மத்ததெல்லாம் உள்ளுக்குள்ளயே சுத்தும். இனிமே இதை யாரும் திறக்கக் கூடாது, நானும்தான்" என்று சபதம் வேறு. எனக்கு எப்போதுமே கொஞ்சம் நாடகம் வேண்டும்.

பிள்ளைகள் முறை வைத்து மீனைப் பார்த்து நோட்டில் எழுதினார்கள். எல்லோரும் 'மீன் நன்றாக இருக்கிறது' என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்வார்கள், மரிய செல்வியைத் தவிர. பட்டினப்பாக்கத்திலிருந்து வருகிற பெண்; அப்பா கடலுக்குப் போகிறவர். 'மீன் மேலேயே நிற்கிறது. வாயைத் திறந்து திறந்து மூடுகிறது' என்று எழுதியிருந்தாள். சரியாகப் படிக்காமலே டிக் போட்டேன்.

மறுநாள் ஜாடியைக் காட்டக் கரஸ்பாண்டன்ட் பெற்றோர்களை அழைத்துவருவதாக இருந்தது. அன்று சாயங்காலம் பிள்ளைகள் போனபின் பார்த்தால் மீன் மிதக்கிறது. உண்மையில் பாடமே அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. நத்தை வந்து மேயும், மிச்சம் கரையும், பாசி அதை எடுத்துக்கொள்ளும். நான் வாய் கிழியச் சொன்னதெல்லாம் கண் முன்னால் நடந்திருக்கும். எனக்கோ கரஸ்பாண்டன்ட் முகம்தான் தெரிந்தது. மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்து, மீனை ஒரு டெஸ்ட் பேப்பரில் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, லஸ் பக்கம் ஓடி வேறு மீன் வாங்கிவந்து ஜாடியில் விட்டேன். மறுபடி மெழுகு.

காலையில் கரஸ்பாண்டன்ட் ஜாடியைத் தட்டிப் பார்த்து, "மூணு வாரமா அதே மீனா? பிரமாதம்மா!" என்றார். மரிய செல்வி எழுந்து நின்றாள்.

"டீச்சர், இது அந்த மீனு இல்ல டீச்சர். அதுக்கு வாலாண்ட கிழிஞ்சி இருந்துச்சி."

நான் சிரித்தேன். "மீன்காரங்க வீட்டுப் பொண்ணாச்சே! விட்டா விலையே சொல்லிடுவா."

வகுப்பே சிரித்தது. பெற்றோர்களும் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்த வாக்கியத்தை நான் யோசித்துக்கூடச் சொல்லவில்லை, அதுபாட்டுக்கு வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அதன்பிறகு என் வகுப்பில் அவள் கை தூக்கவே இல்லை.

அரையாண்டுப் பரீட்சையில், புத்தி கெட்டுப்போய், நானே ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: ஜாடியில் உள்ள மீன் இறந்தால் அதன் உடல் என்னவாகும்? மரிய செல்வி ஒரே வரி எழுதியிருந்தாள். 'யாரும் பார்ப்பதற்குள் டீச்சர் எடுத்துவிடுவார்.' சரி என்று போட எனக்குத் தைரியம் வரவில்லை. சிவப்பு மையால் அடித்தேன்.

அந்தப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். ஏழாம் வகுப்பு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. தேடினால் மரிய செல்வி எங்காவது கிடைப்பாள், மன்னிப்பும் கேட்டுவிடலாம். ஆனால் அவளிடம் மட்டும் சொன்னால் போதாதே. அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரும் அதே பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்க வேண்டும், நான் போர்டுக்கு முன்னால் நின்று, அவள் சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டும். அந்த வகுப்பை இனி எங்கே போய்க் கூட்டுவேன்?