தொங்குவதா, தரையில் படுப்பதா?

முகாம் சாமான்களை வாடகைக்கு விடுகிறவனுக்கு வெள்ளிக்கிழமை எல்லோரும் நண்பர்கள், திங்கட்கிழமை எல்லோரும் எதிரிகள். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மைசூரில் எங்கள் கடை. தரையில் அடிக்கும் டென்ட்டும், இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் ஹேமக்கும் வைத்திருக்கிறோம். இடம் போதவில்லை, இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம், எதுவென்று மாதக் கடைசிக்குள் நீயே சொல் என்றுவிட்டார் முதலாளி. டென்ட் போனால், அவற்றைத் துவைத்துத் தைக்கும் செல்விக்கு வேலை போய்விடும். எடுத்துப் போகிறவர்கள் சொல்வதை வைத்தே முடிவு செய்யலாம் என்று காத்திருந்தேன்.

தூளி

கொள்ளேகால் தம்பதி ஒன்று ஹேமக் எடுத்துப் போனது. காவிரிக் கரையில் அதன் இரண்டு முனைகளையும் ஒரே கிளையில் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், குழந்தைக்குத் தூளி கட்டுவதுபோல. உள்ளே கணவர் முட்டியும் முகவாயும் ஒட்ட, விடியும்வரை மடங்கிக் கிடந்திருக்கிறார். திருப்பித் தர வந்தபோது, இரண்டு மரம் வேண்டும் என்று நான் ஆரம்பித்ததுமே அந்த அம்மா குறுக்கிட்டார்: "எங்க பாப்பாவுக்கு அப்படித்தானுங்க கட்டறோம். அது ஒரு நாளாச்சும் முதுகு வலிக்குதுன்னு சொல்லியிருக்குதுங்களா?"

சரிவு

அடுத்தவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர். டென்ட்டைச் சரிவில் அடித்துவிட்டு, உருண்டு உருண்டு ஒரு மூலையிலேயே கிடந்தாராம். துணியில் கிழிசல் இல்லை, கம்பி வளையவில்லை. பிறகு என்னதான் குறை என்று கேட்டேன். "டென்ட் எல்லாம் சென்னாகிதே, நல்லாத்தான் இருக்கு சார். நெலம்தான் சரியில்ல, அதை மாத்திக் குடுங்க."

பொய்

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், கால் மடக்க முடியாதவர், எது நல்லது என்று என்னைக் கேட்டார். நாற்காலியிலிருந்து எழுவதுபோல ஹேமக்கிலிருந்து எழுந்துவிடலாம். தெரிந்தும், செல்வியை நினைத்து, டென்ட் என்றேன். திங்கட்கிழமை மனைவியின் தோளைப் பிடித்தபடி வந்தார். கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை. "நீங்க சொன்னீங்கன்னு தரையில படுத்தேன் தம்பி. என்னைத் தூக்கி நிறுத்த மூணு பேர் வர வேண்டியதாப் போச்சு."

செல்வி

அந்த டென்ட்டைத் துவைத்துக்கொண்டிருந்த செல்வியின் காதில் எல்லாம் விழுந்துவிட்டது. ராமாபுரத்துக்காரி, மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள். வேறு வழியில்லாமல், முதலாளி சொன்னதையும் நான் சொன்ன பொய்யையும் ஒப்புக்கொண்டேன். கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். "எனக்காவ அந்த மனுசனைத் தரையில போட்டீங்களாண்ணா? கட்டத் தெரியாம கட்டுனா ஹேமக்குந்தான் கிழியும், அதை யாரு தைப்பாங்களாம்?"

முதலாளியிடம் ஹேமக் என்றே சொல்லிவிட்டேன், அந்த வாரமே நான்கு கிழிந்த ஹேமக்குகள் செல்வியின் தையல் மெஷினுக்கு வந்து சேர்ந்ததில், எங்கள் கடைச் சரக்கால் நிம்மதியாகத் தூங்கிய முதல் ஆள் நான்தான்.